ஆய்வுக்கூடத்துக்குப் போகுமுன் எந்தக் கருவியை வாங்குவது?

மின்னணுக் கருவி ஒன்று ஒழுங்காக வேலை செய்தால் மட்டும் போதாது. பக்கத்து வானொலியை இரைய வைக்காமலும் இருக்க வேண்டும். கணினி, தொலைக்காட்சி போன்றவற்றுக்கு இந்த வரம்பை வகுப்பது சிஸ்பர் 32 என்ற சர்வதேசத் தரநிலை. மின்கம்பி வழியே கசியும் இரைச்சலை 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், காற்றில் பரவுவதை அதற்கு மேலும் அது அளக்கச் சொல்கிறது. இறுதிச் சோதனை, சென்னை தரமணியின் சமீர் மையம் போன்ற ஆய்வுக்கூடங்களில் நடக்கும். அங்கே தோற்றுத் திரும்பாமலிருக்கத்தான் சொந்தப் பட்டறையில் முன்சோதனை. அதற்குக் கருவி தேடுபவரின் கண் முதலில் ஸ்பெக்ட்ரம் அனலைசரின் மேல்தான் விழும். ஆனால் பணத்தை முதலில் போட வேண்டியது, இரைச்சலைப் பிடித்து அனலைசரிடம் சேர்க்கும் துணைக்கருவிகளில்.

அவற்றில் முதலாவது, மின் இணைப்புக்கும் சோதிக்கும் கருவிக்கும் நடுவே வைக்கும் லிஸ்ன் (LISN) என்ற இம்பிடன்ஸ் நிலைப்படுத்தி. மின் இணைப்பின் இம்பிடன்ஸ் கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். அதனால் அதே அடாப்டர் இங்கே ஓர் அளவும் அங்கே வேறோர் அளவும் காட்டும். லிஸ்ன் அந்த இம்பிடன்ஸை எங்கும் ஒரே தரத்துக்குக் கொண்டுவந்து, வெளியிலிருந்து வரும் இரைச்சலையும் தடுக்கிறது. அது இல்லாவிட்டால் எத்தனை லட்சம் ரூபாய் அனலைசரும் வரம்போடு ஒப்பிடத்தக்க எண்ணைத் தராது. ஓர் எச்சரிக்கை: பலவகை லிஸ்ன்களில் எர்த்துக்குப் போகும் கெபாசிட்டர்கள் சுமார் 12 மைக்ரோஃபாரட். 230 வோல்ட்டில் 0.8 ஆம்பியருக்கு மேல் எர்த்தில் பாயும். எனவே உறுதியான எர்த் இணைப்பும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும், அனலைசரின் முகப்பைக் காக்க ஒரு லிமிட்டரும் சேர்ந்தே வர வேண்டும்.

காற்றில் பரவுவதை அளக்க ஆன்டெனா வேண்டாமா என்று கேட்கலாம். சாதாரண அறையில் எஃப்எம் நிலையங்களும் கைபேசிக் கோபுரங்களும் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகளும் அளவைக் குழப்பிவிடும். பெரும்பாலும் ஆன்டெனாவாக வேலை செய்வது சோதிக்கப்படும் கருவியின் கேபிள்தான். அதன் மேல் கரன்ட் புரோப் மாட்டினால் காரணமே கைக்கு வரும். 50 மெகாஹெர்ட்ஸில் ஒரு மீட்டர் கேபிளில் வெறும் 5 மைக்ரோஆம்பியர் பொதுமுறை (கம்பிகள் எல்லாவற்றிலும் ஒரே திசையில் ஓடும்) மின்னோட்டம் ஓடினால், 3 மீட்டர் தொலைவில் மீட்டருக்குச் சுமார் 100 மைக்ரோவோல்ட் புலம் உண்டாகும். வீட்டுக் கருவிகளுக்கு அமெரிக்க எஃப்சிசி அந்த அலைவரிசையில் விதித்த வரம்பே அவ்வளவுதான். கிட்டப்புல புரோப், பலகையில் இரைச்சல் பிறக்கும் இடத்தைக் காட்டும். கருவி சோதனையில் தேறுமா என்று சொல்லாது.

இதன் பிறகுதான் அனலைசர். தரநிலை கேட்கும் 9, 120 கிலோஹெர்ட்ஸ் வடிகட்டிகள் இருப்பது அவசியம். இரைச்சல் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதையும் கணக்கில் கொள்ளும் குவாசி-பீக் அளவீடு இல்லாத மலிவான அனலைசர் பயன்படுமா? பயன்படும். பீக் அளவு ஒருபோதும் குவாசி-பீக்குக்கோ சராசரிக்கோ குறையாது. அதுவே சராசரிக்கான வரம்புக்குக் கீழே நின்றால் கவலையில்லை. ஆனால் முன்வடிகட்டி இல்லாத அனலைசர் வலுவான சிக்னலில் திணறிப் பொய்ச் சிகரங்களைக் காட்டக்கூடும். 10 டெசிபல் அட்டெனுவேட்டர் சேர்த்துப் பாருங்கள். சிகரம் சரியாகப் பத்து டெசிபல் இறங்காவிட்டால் அந்த அளவை நம்பக் கூடாது.

எப்படியும் ஆய்வுக்கூடத்தின் எண்ணோடு நம் பட்டறை அளவு பொருந்தாதே என்பது கடைசி ஆட்சேபம். உண்மைதான். ஆனால் அங்கே ஏற்கெனவே அளந்த ஒரு கருவியை நம் மேசையில் மறுபடி அளந்தால், வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். தெரிந்த பிழையைக் கழித்துக்கொள்ளலாம். அதற்கு அளவு நாளுக்கு நாள் மாறாமலிருக்க வேண்டும். அந்த நிலைத்தன்மையைத் தருவது லிஸ்னும் எர்த்தும்தான், அனலைசரின் விலையல்ல.