கேசட்டில் உறங்கும் கல்யாண வீடு
பழைய வீடியோ நாடாக்களைக் கணினிக்கு மாற்ற எதற்குச் செலவிடலாம், எதற்கு வேண்டாம்?

சில மாதங்களுக்கு முன், கோலார் தங்கவயலின் ஸ்கெலட்டன் பகுதியில் வசிக்கும் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர் நம் கிளைக்கு வந்தார். துணிப்பையிலிருந்து இரண்டு வீடியோ கேசட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். பாதுகாப்புப் பெட்டகத்தில் நகைகளோடு இவற்றையும் வைக்கலாமா என்று கேட்டார். 1992-இல் நடந்த மகளின் திருமணப் பதிவுகள் அவை. “நாதஸ்வரத்துக்கு நடுவே ஷிப்ட் சங்கு ஊதுவது கேட்கும் சார். அந்தச் சத்தம் இனி எங்கே கிடைக்கும்?” என்றார்.

அவர் சொன்னதில் மிகையில்லை. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே கால் பதித்தது முதல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இயங்கிய சுரங்கங்கள், 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. வேலை தேடிப் பலர் வெளியூர் சென்றனர். எஞ்சியோரில் பலர் நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறுகின்றனர். சுரங்கம் உயிரோடிருந்த நாளின் தெருவும் பந்தலும் பந்தியும் மனிதர்களும் இன்று பல குடும்பங்களில் இத்தகைய கேசட்டுகளில் மட்டுமே உள்ளன.

பெட்டகம் திருட்டிலிருந்து காக்கும், காலத்திடமிருந்து காக்காது. வீடியோ நாடா என்பது மெல்லிய பாலியஸ்டர் பட்டைமேல் பசையால் ஒட்டப்பட்ட காந்தத் துகள்களே. ஈரத்தால் பசை இளகும், பூஞ்சணம் படரும். அதைவிடப் பெரிய சிக்கல், அதை ஓட்டும் கருவி அருகிவருவது. 1976-இல் ஜப்பானில் அறிமுகமான வி.எச்.எஸ். முறைக்கான வி.சி.ஆர். கருவியைக் கடைசிவரை தயாரித்து வந்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இன்று கிடைப்பவை அனைத்தும் பழைய கருவிகள்.

இதை அவரிடம் விளக்கினோம். அப்போதுதான் இன்னொரு செய்தியையும் சொன்னார். இந்த வேலைக்கென விலையுயர்ந்த மடிக்கணினி வேண்டுமென்று யாரோ கூறியதால், வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முறிக்க எண்ணியிருந்தார். வேண்டாம் என்றோம். காரணங்கள் இவை.

கணினி: சாதாரணமானதே போதும்

நம் நாட்டு வி.எச்.எஸ். பதிவுகள் பொதுவாக பால் முறையில் அமைந்தவை: நொடிக்கு 25 படங்கள். கணினியில் ஏறும்போது ஒரு படத்தின் அளவு 720-க்கு 576 புள்ளிகள். இன்றைய கைப்பேசிப் படத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. எனவே தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. 8 ஜி.பி. நினைவகமும் எஸ்.எஸ்.டி. வட்டும் கொண்ட கணினி தாராளம். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் முதலில் அதிலேயே முயன்று பாருங்கள். பதிவு நடக்கும்போது வேறு வேலை எதையும் அதில் செய்யாதிருப்பது நலம்.

வி.சி.ஆர்.: முதல் செலவு இங்கே

கேசட்டில் உள்ளதை எடுத்துத் தருவது வி.சி.ஆர். மட்டுமே. அது தவறவிட்டதை எந்தக் கணினியாலும் மீட்க இயலாது. பழைய கருவியை வாங்கும் முன், இழந்தாலும் பரவாயில்லாத ஒரு கேசட்டைக் கையோடு கொண்டுசென்று முழுவதும் ஓட்டிப் பாருங்கள். படம் நடுங்குகிறதா, நாடா கசங்குகிறதா எனக் கவனியுங்கள். வீட்டில் பழைய கருவி இருந்தால், அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் ஹெட்டைச் சுத்தம் செய்து, ரப்பர் பெல்ட்டை மாற்றித் தரச் சொல்லுங்கள். இணையத்தில் வாங்குவோர், பொருளை நேரில் காணாமல் முன்பணம் அனுப்ப வேண்டாம்.

வெளிநாட்டு உறவினர் அனுப்பிய கேசட்டுகளைத் தனியே பிரித்து வையுங்கள். அமெரிக்கப் பதிவுகள் என்.டி.எஸ்.சி. முறையில் இருக்கும். அவற்றை ஓட்ட இரு முறைகளையும் ஏற்கும் கருவி தேவை.

இடையில் நிற்கும் சிறு கருவி

வி.சி.ஆரிலிருந்து வரும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களைக் கணினியின் யு.எஸ்.பி. துளையோடு இணைப்பது கேப்சர் கருவி. சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். பால் முறையை ஏற்கிறதா, உங்கள் கணினியின் விண்டோஸ் பதிப்புக்கு உரிய டிரைவர் உண்டா என்ற இரண்டையும் உறுதிசெய்த பிறகே வாங்குங்கள்.

தேய்ந்த நாடாவில் படத்தின் தாளம் தடுமாறும். அப்போது கேப்சர் கருவி சில படங்களை விட்டுவிடும். பேச்சு ஒரு பக்கமும் உதடு ஒரு பக்கமுமாகப் போகும். இதைச் சீர்செய்யும் கருவிக்கு டைம் பேஸ் கரெக்டர் என்று பெயர். தனியே வாங்க விலை அதிகம். பழைய டிவிடி ரிக்கார்டர்கள் சிலவற்றை இடையில் இணைத்தாலே ஓரளவு இந்தப் பயன் கிட்டும்.

மினி டிவி கேசட்டுகளின் வழி வேறு. அவை டிஜிட்டல் பதிவுகள். ஃபயர்வயர் துளையுள்ள பழைய கணினி கிடைத்தால், கேமராவிலிருந்து தரம் குறையாமல் அப்படியே இறக்கிக்கொள்ளலாம்.

எவ்வளவு இடம் வேண்டும்?

கணக்கைப் பார்ப்போம். டி.வி. எனப்படும் கோப்பு முறையில் 1 மணி நேரப் படத்துக்குச் சுமார் 13 ஜி.பி. இடம் தேவை. 3 மணி நேரக் கேசட்டுகள் 20 இருந்தால் மொத்தம் 60 மணி நேரம். ஏறத்தாழ 780 ஜி.பி. ஆகவே 1 டி.பி. வட்டு போதும். ஆனால் ஒன்றல்ல, இரண்டு வாங்குங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும். மற்றது பெட்டகத்திலோ வெளியூரில் உள்ள பிள்ளைகளிடமோ இருக்கட்டும். உறவினருக்கு அனுப்பச் சுருக்கிய பிரதி ஒன்றைத் தனியே செய்துகொள்ளலாம். எஃப்.ஏ.டி. 32 முறையில் அமைத்த பென்டிரைவ் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது என்பதையும் நினைவில் கொள்க. ஆண்டுக்கு ஒருமுறை வட்டுகளை இணைத்து, கோப்புகள் திறக்கின்றனவா எனச் சரிபார்ப்பது அவசியம்.

தொடங்கும் முன்

வெண்மையாகப் பூஞ்சணம் படர்ந்த கேசட்டை ஒருபோதும் கருவிக்குள் இடாதீர்கள். அது ஹெட்டைக் கெடுப்பதோடு அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். அத்தகையதைத் தொழில்முறை நிலையத்திடம் ஒப்படைப்பதே நல்லது. நல்ல கேசட்டை ஒருமுறை முழுவதும் முன்னும் பின்னும் சுற்றியபின் ஓட்டுங்கள். மேலே தவறுதலாகப் பதிவாகாமல் இருக்க, கேசட்டின் விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்டிக் முனையை ஒடித்துவிடுங்கள். பதிவின் நேரமும் படத்தின் நேரமும் ஒன்றே; 3 மணி நேரக் கேசட்டுக்கு 3 மணி நேரம் ஆகும். மின்தடைக்கு யு.பி.எஸ். துணை நிற்கும். மொத்தம் இரண்டு மூன்று கேசட்டுகளே உள்ளவர்கள் கருவி எதுவும் வாங்காமல், நம்பகமான நிலையத்தில் கூலி கொடுத்து மாற்றிக்கொள்வதே சிக்கனம்.

நம் வாடிக்கையாளரும் அதையே செய்தார். வைப்புத்தொகை முறியவில்லை. ஒரு கேசட் முழுமையாக மீண்டது. மற்றதில் பூஞ்சணம் படர்ந்திருந்ததால் பந்திக் காட்சிகளில் சில நிமிடங்கள் திரும்பவில்லை. ஐந்தாறு ஆண்டுகள் முன்பே கொடுத்திருக்கலாமே என்று அவர் வருந்தினார். பிறகு கைப்பேசியை நம்மிடம் நீட்டினார். தாலி கட்டும் நேரம். கெட்டிமேளத்துக்கு மேலாக, தொலைவிலிருந்து சங்கொலி எழுந்தது.

உங்கள் அலமாரியின் மேல்தட்டிலும் இப்படி ஒரு கேசட் இருக்கக்கூடும். இந்த வாரமே அதை இறக்கி, பூஞ்சணம் உண்டா என்று பாருங்கள்.