கம்பியில்லாமல் கட்டளை கேட்கும் இயந்திரங்கள்

செம்பனை ஆலைக்குள் நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. நீராவியில் வெந்த பழக்குலைகள் நிறைந்த இரும்புக் கூண்டை, கூரையடியில் ஓடும் பாரந்தூக்கி அந்தரத்தில் தூக்கிக்கொண்டு போகும். முன்பெல்லாம் அதை இயக்குபவர் உயரத்தில் ஒரு சிறு அறைக்குள் உட்கார்ந்திருப்பார். இப்போது பல ஆலைகளில் அவர் கீழே நின்றபடி கையிலுள்ள பெட்டியின் பொத்தானை அழுத்துகிறார். கட்டளை வானொலி அலையாகப் போய்ச் சேருகிறது. பட்டணத்துப் பண்டகசாலைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகளைக் கேட்டால், ஓட்டுநரே இல்லாமல் சரக்கு சுமக்கும் வண்டிகளைப் பற்றிச் சொல்வார்கள். அவற்றுக்கும் கட்டளை அலைவழியேதான்.

அந்த அலை நடுவழியில் அறுந்தால்? பாரத்தின் கீழும் வண்டியின் பக்கத்திலும் நடமாடுகிறவர் நம் வீட்டு ஆள். பொறியாளருக்குத் தெரிந்தால் போதும் என்று நாம் இருந்துவிட முடியாது.

வீட்டில் கைப்பேசியில் படம் பார்க்கும்போது வைஃபை இரண்டு விநாடி நின்றால் முணுமுணுத்துவிட்டு இருந்துவிடுகிறோம். விநாடிக்கு ஒன்றரை மீட்டர் ஓடும் வண்டி அந்த இரண்டு விநாடியில் மூன்று மீட்டர் போய்விடும்! விற்க வருகிறவர் வேகத்தைத்தான் பெருமையாகச் சொல்வார். 'போ', 'நில்' என்பவை மிகச் சிறிய செய்திகள். அவற்றுக்குப் பெரிய வேகம் வேண்டாம். நேரம் தவறாமல் போய்ச் சேர்ந்தால் போதும்.

தொல்லை தருவது இரும்பு. தகரக் கூரை, தூண், அடுக்குச் சட்டம் எல்லாவற்றிலும் அலை மோதித் திரும்புகிறது. நேராக வரும் அலையும் திரும்பி வரும் அலையும் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர்தான். ஆகவே ஒரு சாண் நகர்ந்தாலே நல்ல இடம் கெட்ட இடமாகலாம். நிற்கும் இயந்திரம் நல்ல இடத்தில் தப்பித்துக்கொள்ளும். ஓடும் இயந்திரம் எல்லா இடத்தையும் கடந்தாக வேண்டும்.

இன்னொன்று, கைமாறும் நேரம். பெரிய கட்டடத்தில் பல வைஃபை பெட்டிகள் இருக்கும். ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிடிக்கும் முடிவைப் பெரும்பாலும் வண்டியிலுள்ள கருவியே எடுக்கிறது. அது பழைய பெட்டியையே விடாமல் பற்றிக்கொண்டிருந்தால் தொடர்பு அறுந்து, பிறகுதான் மறுபடி கிடைக்கும். விரைவாகக் கைமாற 2008இல் 802.11ஆர் என்ற விதிமுறை வந்தது. அது இரு பக்கக் கருவிகளிலும் இருந்தால்தான் பயன்.

"சக்தியைக் கூட்டிவிடலாம்" என்பார்கள். மேலிருந்து கத்துவது கீழே கேட்கும். வண்டியின் மெல்லிய பதில் மேலே கேட்க வேண்டாமா?

2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றுதான். கைப்பேசிகளும், சிற்றுண்டிச்சாலையின் மைக்ரோவேவ் அடுப்பும்கூட அங்கேயே இரைச்சல் போடும். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். ஆனால் சில தடங்கள் ரேடாருக்கும் உரியவை. ரேடார் அலை தென்பட்டால் வைஃபை விலகிவிட வேண்டும். ஓடும் இயந்திரத்துக்கு அந்தத் தடங்களைத் தவிர்ப்பதே நல்லது.

தண்டவாளத்தில் ஓடும் பாரந்தூக்கிக்கு எனக்குப் பிடித்த வழி கசியும் கம்பிதான். துளைபோட்ட தண்ணீர்க் குழாய்போல, நீளம் முழுவதும் சிறிது சிறிதாக அலையை வெளிவிடும் கம்பி அது. சுரங்கங்களில் நெடுநாளாகப் பயன்படுகிறது. பாதை மாறாத இயந்திரம் அதன் அருகிலேயே ஓடுவதால் கைமாறும் வேலை வெகுவாகக் குறைகிறது.

எதை வாங்கினாலும் அலை ஒருநாள் அறுந்தே தீரும். அதனால் பெரட்டில் பேர் கூப்பிடுவதுபோல் கட்டுப்பாட்டுக் கருவியும் இயந்திரமும் விநாடிக்குப் பலமுறை ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். குரல் வராவிட்டால் இயந்திரம் தானே நிற்க வேண்டும். பாரந்தூக்கியில் மின்சாரம் விலகியதும் சுருள்வில் அழுத்தி பிரேக் பிடித்துக்கொள்ளும், சுமை விழாது. எதிரே ஆள் வந்தால் நிறுத்தும் கண்ணும் வண்டியிலேயே இருக்க வேண்டும்.

சோதனையை ஞாயிற்றுக்கிழமை வெற்றுக் கட்டடத்தில் செய்து காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அடுக்குகள் நிறைந்து, வேலை மும்முரமாக நடக்கும்போது, இயந்திரம் போகும் பாதை முழுவதும் அதனுடனேயே நடந்து பார்க்கச் சொல்லுங்கள். பிறகும் அது அடிக்கடி நிற்கிறதென்றால், சலித்துப்போய் அந்தத் தானியங்கி நிறுத்தத்தை யாரும் முடக்கிவிடாமல், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன சுமையோடு நின்றது என்று ஒரு நோட்டில் எழுதி மேலாளரிடம் கொடுங்கள்.