கிரீன் மேட்டில் சாம்பல் எங்கிருந்து வருகிறது?

கிரீன் மேட் எனும் பச்சைத் துணி முன்னால் எடுத்த காட்சியைக் கணினியில் ஏற்றி, பச்சையைத் தொட்டுக் காட்டிக் 'கீ' போட்டதும் பின்னணி மறைந்துவிடும். கூடவே மறையக் கூடாத சிலவும் மறையும். தோள்பட்டையில் ஓட்டை விழும், முடியின் ஓரம் மழுங்கும், மூலையில் ஏதோ மங்கலாக நெளியும். கைக்கு எட்டிய ஸ்லைடரையெல்லாம் இழுத்துப் பார்ப்போம். ஒன்று சரியானால் இன்னொன்று கெடும்.

காரணம், கீ என்பது வெறும் கழித்தல் கணக்கு. ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள், 0 முதல் 255 வரை. பல கீயர்களின் (கீ போடும் கருவிகளின்) அடிப்படை, பச்சையிலிருந்து மற்ற இரண்டில் பெரியதைக் கழிப்பதுதான். நல்ல வெளிச்சம் விழுந்த துணி 60, 180, 70 என்றால் மிச்சம் 110. அந்த இடம் முழுக்க மறைய வேண்டும். முகம் 200, 150, 120 என்றால் மிச்சமே இல்லை. அது முழுக்க நிற்க வேண்டும். 1959-இல் வந்த 'பென்-ஹர்' படத்துக்காக பெட்ரோ விலாஹோஸ் நீலத்திரையை வைத்து உருவாக்கிய முறையின் சாரமும் இதுதான். கணினி இல்லாமல் பிலிமிலேயே செய்தார் என்பதுதான் ஆச்சரியம்.

தொல்லை நடுவில் இருக்கிறது. துணி மடிப்பின் நிழல் 30, 85, 30 என்று வைத்துக்கொள்வோம், மிச்சம் 55. முடியோரத்தில் ஒரு பிக்சல் பாதி கருமுடி, பாதி துணி: 45, 100, 45. அதற்கும் மிச்சம் 55! நமக்கு ஒன்று குப்பை, மற்றது உயிர். கணினிக்கு இரண்டும் ஒரே அரைகுறை சாம்பல். துணியின் பச்சை தெறித்த தோள்பட்டையும் கொஞ்சம் மிச்சம் காட்டும். ஓட்டை விழுவது அதனால்தான்.

ஆகவே வண்ணப் படத்தைப் பார்த்துக்கொண்டு கீயைத் திருத்தக் கூடாது. கீலைட் என்ற கீயரில் 'ஸ்கிரீன் மேட்', அல்ட்ரா கீ என்ற கீயரில் 'ஆல்பா சேனல்' என்று கறுப்பு வெள்ளைக் காட்சி (இதுவும் 'மேட்'தான், துணி அல்ல) இருக்கிறது. அதில் ஆள் வெள்ளை, பின்னணி கறுப்பு, சந்தேகமெல்லாம் சாம்பல். கீலைட்டின் 'கிளிப் பிளாக்' ஸ்லைடரை ஏற்றினால் மடிப்பு கறுக்கும். அதே எண் உள்ள முடியும் சேர்ந்து கறுக்கும். ஒரே ஸ்லைடரால் இதைத் தீர்க்க வழியில்லை, இடம் பிரித்துத்தான் தீர்க்க வேண்டும். ஆளைச் சுற்றித் தாராளமாகக் கோடு போட்டு (கார்பேஜ் மேட்) வெளியே இருக்கும் மடிப்பையெல்லாம் வெட்டி எறியுங்கள். உடம்பின் நடுவில் ஓட்டை இருந்தால் உள்ளே இன்னொரு மாஸ்க் வரைந்து அடையுங்கள். மிஞ்சுவது ஓரம் மட்டும். அங்கே சாம்பல் இருக்கட்டும், முடிக்கு அது வேண்டும்.

முடியைச் சுற்றித் தெரியும் பச்சை விளிம்பு வேறு வகை. அங்கே கறுப்பு வெள்ளை மேட் சரியாகவே இருக்கலாம், பிக்சலின் நிறம்தான் கெட்டிருக்கும். அதற்கு டீஸ்பில். சிவப்பு, நீலம் இரண்டின் சராசரியைப் பச்சை தாண்டாதபடி அமுக்குவது ஒரு வழி; ஆனால் மஞ்சள் புடவை சிவந்துவிடும். இரண்டில் பெரியதைத் தாண்டாதபடி அமுக்கினால் மஞ்சள் தப்பும், பச்சை கொஞ்சம் தங்கும். படப்பிடிப்பிலேயே ஆளைத் துணியிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நிறுத்தியிருந்தால் இந்த வேலையில் பாதி மிச்சம்.

இத்தனைக்குப் பிறகும் ஓரம் படிக்கட்டாக உடைந்தால் ஸ்லைடரைத் திட்டிப் பயனில்லை. சாதாரண கேமராவும் போனும் பெரும்பாலும் 4:2:0 முறையில் பதிகின்றன: 1920×1080 படத்தில் வெளிச்சம் முழுசாக இருக்கும், நிறமோ 960×540 அளவுக்குத்தான். கீ பெரிதும் நம்புவது அந்த நிறத்தைத்தான். கீ போடுமுன் நிறத்தை மட்டும் லேசாக மங்கவைத்தால் படிக்கட்டு ஓரளவு தேயும். அடுத்த முறை கேமராவில் 4:2:2 இருந்தால் அதில் எடுங்கள். மேலிருந்து கீழாக நிறம் முழு 1080 வரியும் கிடைக்கும்.