பவளப்பாறையைக் கரைத்த தண்ணீர்

ஜெர்மனியின் ஐஃபல் மலைநாட்டில், கில் ஆற்றங்கரையில் இருக்கிறது ஜெரோல்ஸ்டைன் என்ற சிற்றூர். ஊருக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் டோலமைட் பாறைகள், சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முன் வெதுவெதுப்பான கடலின் அடியில் உருவானவை. பவள உயிரிகள் கட்டிய சுண்ணாம்புக் கூடுகள் அடுக்கடுக்காகப் படிந்து, மெக்னீசியமும் சேர்ந்து, பாறையாக இறுகின. பிறகு கடல் போய்விட்டது.

வெறும் மழைநீருக்கு அந்தப் பாறை லேசில் கரையாது. ஆனால் ஐஃபல் எரிமலை நிலம். எரிமலைகள் ஓய்ந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆகியும் பூமியின் ஆழத்திலிருந்து கரியமில வாயு இன்னும் மேலே வந்துகொண்டிருக்கிறது. நிலத்தடி நீரில் அது கலந்ததும் மெல்லிய அமிலம் பிறக்கிறது, பாறை கரைகிறது. கடலை ஒரு யுகத்திலும் எரிமலையை இன்னொரு யுகத்திலும் வைத்து, இரண்டையும் மழையால் இணைத்த படைப்பின் பொறுமையை என்னவென்று சொல்வது!

இப்படிப் பாறையைக் கரைத்து வரும் நீர்தான் ஜெரோல்ஸ்டைனர் என்ற கனிமநீர். அதன் பாட்டிலின் லேபிளைப் பாருங்கள். லிட்டருக்குக் கால்சியம் 348 மில்லிகிராம், மெக்னீசியம் 108, பைகார்பனேட் 1,816. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய கால்சியம் சுமார் 1,000 மில்லிகிராம். அதில் மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரு லிட்டரிலேயே வந்துவிடுகிறது. தண்ணீரில் உள்ள கால்சியத்தைக் குடல் ஏறக்குறைய பாலில் உள்ளதைப் போலவே ஏற்றுக்கொள்கிறது. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது எத்தனை பெரிய கொடை! சர்க்கரையும் இல்லை, கொழுப்பும் இல்லை. மெக்னீசியம் தசைக்கும் நரம்புக்கும் உதவுகிறது. என்றோ ஒரு பவளத்தின் கூடாக இருந்த சுண்ணாம்பு, இன்று ஒரு பாட்டியின் எலும்பில் போய்ச் சேர்கிறது.

ஐரோப்பியச் சட்டப்படி இயற்கைக் கனிமநீரை ஊற்றெடுக்கும் இடத்திலேயே பாட்டிலில் அடைக்க வேண்டும். கிருமிநாசினி எதுவும் சேர்க்கக் கூடாது. பூமி தந்தது கெடாமல் வீட்டு மேசைக்கு வர இந்தக் கட்டுப்பாடு அவசியம் என்றே நினைக்கிறேன்.

வீட்டில் இந்தத் தண்ணீரைக் காய்ச்ச வேண்டாம். கொதித்தால் வாயு பறந்துவிடும். கால்சியம் வெள்ளைப் பொருக்காகக் கெட்டிலின் அடியில் ஒட்டிக்கொள்ளும். விரலால் சுரண்டினால் சொரசொரவென்று வருவது மறுபடியும் சுண்ணாம்புக்கல்தான். உணவோடு ஒரு தம்ளர், வேலைக்கு நடுவே ஒரு தம்ளர் என்று அப்படியே குடித்தால் போதும். லிட்டருக்குச் சோடியமும் 118 மில்லிகிராம் இருக்கிறது. உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும் சிறுநீரக நோயாளிகளும் லேபிளை மருத்துவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.