பை சுமந்தவர்கள் கோப்பை தூக்கிய கதை!

ரெட்டிபாளையம்:

சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர், டீக்கடை பேப்பரில் கோல்ஃப் படத்தைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் பணக்காரங்க பொழுதுபோக்கு தம்பி, நமக்கு எதுக்கு?" என்றார். அவர் சொன்னது பாதிதான் சரி.

ஆட்டம் புரிவது ரொம்ப லேசு. புல்வெளியில் 18 குழிகள். குறைஞ்ச அடியில் எல்லாக் குழியிலும் பந்தைப் போடுறவர் ஜெயிச்சார். மட்டைகள் இருக்கும் கனமான பையைத் தூக்க கூலிக்கு ஒரு ஆள் வருவார். அவருக்குப் பேர் 'கேடி'. (போலீஸ் ஸ்டேஷன் போட்டோவில் இருக்கும் கேடி இல்லீங்க!)

ஸ்காட்லாந்தில் வளர்ந்த ஆட்டம் இது. கொல்கத்தாவில் 1829-லேயே வெள்ளைக்காரர்கள் கிளப் தொடங்கிவிட்டார்கள். நியூயார்க் பக்கத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிளப் வந்தது 1888-ல்தான். யு.எஸ். ஓபன் போட்டி 1895-ல் ஆரம்பித்தது.

அமெரிக்காவிலும் முதலில் இது பணக்காரர் ஆட்டம்தான். 1913-ல் அதை ஒரு பையன் மாற்றினான். பெயர் பிரான்சிஸ் வீமெட், வயசு 20. அப்பா தோட்டக்காரர். பாஸ்டன் பக்கம் புரூக்ளைன் மைதானத்துக்கு எதிர்வீடு. சின்ன வயசில் அங்கேயே பை சுமந்தவன். அதே மைதானத்தில் நடந்த யு.எஸ். ஓபனில் இங்கிலாந்தில் இருந்து வந்த ஹாரி வார்டன், டெட் ரே என்ற இரண்டு ஜாம்பவான்களையும் தோற்கடித்தான். அன்னைக்கு அவனுக்கு பை தூக்கியது எடி லோவரி. வயசு வெறும் 10! பள்ளிக்கூடத்துப் பொடியன்.

ஆனால் கறுப்பினத்தவருக்கு கதவு திறக்கவில்லை. தொழில்முறை ஆட்டக்காரர் சங்கத்தில் 'வெள்ளையருக்கு மட்டும்' என்ற விதி 1961 வரை இருந்தது. அகஸ்டா கிளப்பில் பல வருஷம் பை சுமந்தவர்கள் எல்லாம் கறுப்பர்கள். ஆனால் ஒரு கறுப்பர் அங்கே உறுப்பினர் ஆனது 1990-ல்தான். என்ன கொடுமை! 1997-ல் அதே மைதானத்தில் 21 வயசு டைகர் உட்ஸ் 12 அடி வித்தியாசத்தில் மாஸ்டர்ஸ் பட்டத்தைத் தட்டிச் சென்றார்.

நம்ம நாட்டுக்கு வருவோம். டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்தவர் அலி ஷேர். 1991-ல் இந்தியன் ஓபனை ஜெயித்தார். அதுவரை இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் யாரும் அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. 1993-லும் அவரே ஜெயித்தார்.

2009-ல் அதே கோப்பையை வாங்கியவர் பெங்களூருவில் பை தூக்கிய சின்னசாமி முனியப்பா.

பேரைக் கேட்டதும் லாரி அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "முனியப்பாவா? நம்ம பக்கத்துப் பேரால்ல இருக்கு!"