50 வயதைத் தொட்ட காருக்கு ‘விஏ’ எண் தேவையா?

சொந்தக் காரின் பதிவு முதலில் 15 ஆண்டு செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். பதினைந்தோடு ஏழு ஐந்தைக் கூட்டினால் 50. அதனால் விடாமல் புதுப்பித்து வந்தவர்களுக்கு ஆர்.சி. காலாவதியாகும் நாளும், வண்டி ‘வின்டேஜ்’ தகுதியை எட்டும் நாளும் ஒன்றாகவே வந்து சேருகின்றன. 1976-இல் பதிவான அம்பாசடரும் ஃபியட்டும் வைத்திருக்கும் வாசகர்கள், எந்த விண்ணப்பத்தைப் போடுவது என்று குழம்பி எழுதியிருக்கிறார்கள்.

பழைய வாகனங்களின் பாரம்பரியத்தைப் பாதுகாக்கவே 2021 ஜூலையில் தனி விதிகளைக் கொண்டுவந்ததாக மத்திய அரசு சொல்கிறது. விதிகளைப் படித்தால், பாதுகாப்பைவிடக் கட்டுப்பாடே அதிகம் தெரிகிறது. வின்டேஜ் (‘விஏ’) பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஆனால் அந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடப் பயன்பாடு கூடாது. மறுபுறம், 20 ஆண்டைத் தாண்டிய காரின் சாதாரணப் பதிவைப் புதுப்பிக்க 2025 ஆகஸ்ட் முதல் 10,000 ரூபாய். இருமுறை கட்டினால் அதே 20,000தான். பசுமை வரி தனி. ஆனால் குலதெய்வக் கோயிலுக்கும் பேத்தியின் கல்யாணத்துக்கும் அந்த வண்டியிலேயே போகலாம். முதல் பத்தாண்டுக்கு, ஓட்ட விரும்புகிறவருக்கு இதுவே நல்ல வழி.

கட்டணத்தைவிட என்னை உறுத்துவது விதியில் உள்ள ஒரு நிபந்தனை. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் மாற்றம் உட்பட ‘கணிசமான’ வேலை எதுவும் நடந்திருக்கக் கூடாது. எவ்வளவு செய்தால் கணிசம் என்பதற்கு அளவுகோல் இல்லை. வண்டியைப் பார்த்துத் தகுதி சொல்வது மாநில அளவிலான குழு.

நம் ஊரில் ஒரு கார் 50 ஆண்டு எப்படிப் பிழைத்தது? இறக்குமதிக்கு லைசென்ஸ், உற்பத்திக்கும் லைசென்ஸ் என்றிருந்த காலத்தில் புதுக் காருக்கு முன்பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். உதிரிபாகம் கிடைக்காவிட்டால் புதுப்பேட்டையில் தேடினார்கள்; அங்கும் இல்லையென்றால் லேத் பட்டறையில் கடைந்து வாங்கினார்கள். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியது. பிந்தைய ஆண்டுகளில் எத்தனையோ அம்பாசடர்களில் பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு மெட்டடார் டீசல் என்ஜினை ஏற்றினார்கள். அப்படி மாற்றியதால்தான் அந்த வண்டிகள் காயலான் கடைக்குப் போகாமல் தப்பின. அசல் பாகம் கிடைக்காமல் செய்தது அரசின் கொள்கை. இன்று அசல் பாகம் இல்லை என்பதற்காகத் தகுதி மறுக்க வாய்ப்பளிப்பதும் அரசின் விதி. அரண்மனை ஷெட்டில் போர்த்திவைத்த ரோல்ஸ் ராய்ஸ் இந்தச் சோதனையில் எளிதில் தேறும். மெக்கானிக்கின் கைத்திறனால் நாலு தலைமுறையைச் சுமந்த ஃபியட் தேறுமா என்பது குழுவின் மனத்தைப் பொறுத்தது. என் கணிப்பில் இரண்டாவதுதான் இந்த நாட்டின் மோட்டார் வரலாற்றைக் கூடுதலாகச் சொல்லும்.

இதில் நேர்மையானவருக்கே சிக்கல் அதிகம். என்ஜினை மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். அதை மதித்துப் பதிந்தவரின் ஆர்.சி.யே, ‘இது அசல் அல்ல’ என்று குழுவிடம் சாட்சி சொல்லிவிடும். பதியாமல் விட்டவரின் என்ஜின் எண் ஆர்.சி.யோடு பொருந்தாது. பெட்ரோலிலிருந்து டீசலுக்கு மாறிய வண்டி என்றால் 20,000 ரூபாயைக் கட்டும் முன் இருமுறை யோசியுங்கள். அதே ரக என்ஜினை மாற்றியிருந்தால் ‘மாற்றம்’ ஆகுமா? விதி வாய் திறக்கவில்லை. பட்டறை ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

வேறு வழி இல்லாமல் இல்லை. பிரிட்டனில் நெடுங்காலம் புள்ளிக் கணக்கு இருந்தது. பெரிதும் மாற்றிக் கட்டிய வண்டியில் அசல் சேசிஸுக்கு 5 புள்ளி. சஸ்பென்ஷன், அச்சு, கியர்பாக்ஸ், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2. என்ஜினுக்கு 1 மட்டுமே. எட்டு சேர்ந்தால் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். என்ஜின் தேயும், மாறும் என்பதை அந்தக் கணக்கு ஒப்புக்கொண்டது. 1960-களில் மெட்ராசில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு அப்படியொரு கணக்கு இங்கே இருந்தால், என்ஜின் மாறிய பிறகும் அதற்கு வழி இருந்திருக்கும்.

வயதைக் கணக்கிடுவதிலும் கவனம் வேண்டும். தயாரித்த ஆண்டு செல்லாது. விற்பனைக்குப் பின் முதலில் பதிவான நாள்தான் கணக்கு. இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப்பை ராணுவ ஏலத்தில் எடுத்து 1980-இல் பதிந்திருந்தால், 2030 வரை அது வின்டேஜ் இல்லை.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

மெட்ராஸ் காலத்து எண் போய்விடுமா? போகாது, ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம், ‘விஏ’ எழுத்து புதிதாகப் பதிபவர்களுக்குத்தான்.

புல்லட்டுக்கும் உண்டா? உண்டு.

15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் காரைப் பிடித்துக்கொள்வார்களாமே? அந்தக் கட்டுப்பாடு டெல்லி வட்டாரத்துக்கு, தமிழ்நாட்டுக்கு இல்லை.

இன்சூரன்ஸ் மதிப்பு? ஐந்து ஆண்டு தாண்டிய வண்டிக்கு நீங்களும் நிறுவனமும் பேசி முடிவு செய்வதே. படங்களோடு போய்ப் பேசுங்கள்.

விற்கலாமா? விற்கலாம், வாங்குபவரும் விற்பவரும் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

எப்போது விண்ணப்பிப்பது? சாதாரணப் புதுப்பித்தலுக்குக் காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்து, படிவம் 25-இல். தாமதித்தால் காருக்கு மாதம் 500 ரூபாய், பைக்குக்கு 300.