கருப்பைக் கழுத்துப் பரிசோதனையில் மாறுபாடு காணப்பட்டால்

கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரைத் தாலுகாவைச் சேர்ந்த பாறசாலை, செங்கல், காரோடு முதலிய ஊர்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று மாநில எல்லைகள் திருத்தி அமைக்கப்பட்டபோது, அடுத்திருந்த விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துடன் இணைந்தது. பாறசாலைப் பகுதி கேரளத்தில் நின்றது. எல்லை பிரிந்தபோதிலும் கொள்வினை கொடுப்பினை பிரியவில்லை. களியக்காவிளைக்கு அப்பால் பிறந்த பெண் இப்பால் வாழ்க்கைப்படுகிறாள். இப்பால் பிறந்தவள் அப்பால் செல்கிறாள். பிரசவத்துக்கும் நோய்க்கும் தாய்வீடு செல்லும் வழக்கமும் உண்டு. இச்சாதாரண விஷயம் ஒரு சுகாதாரப் பிரச்சினையுடன் எவ்வாறு பிணைந்துள்ளது என்பது பின்னர் விளங்கும்.

எல்லையின் இருபுறமும் முப்பது வயது கடந்த பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை செய்யப்பட்டு வருகிறது. தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டில் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோடி முயற்சியாகத் தொடங்கப்பட்ட இப்பணி, 2012 முதல் ஏனைய மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. கேரளத்தில் 2025ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் தேதி, உலகப் புற்றுநோய் தினத்தன்று, புற்றுநோயை அகற்றுவோம் என்ற முழக்கத்துடன் ஓர் இயக்கம் தொடங்கப்பெற்றது. புற்றுநோய்க்கு மலையாளத்தில் வழங்கும் பெயர் அர்புதம் என்பதாகும். தமிழ்ச் செவிக்கு அது அற்புதம் என ஒலிக்கக்கூடும். எல்லைப்புறப் பள்ளிகளின் ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டை மாணவர்க்கு எடுத்துரைப்பது நன்று.

இவ்வாறு பரிசோதிக்கப்பட்ட பெண்களுள் சிலருக்கு, ‘மாறுபாடு காணப்படுகிறது, மேற்பரிசோதனை தேவை’ என்ற செய்தி வருகிறது. அது கிடைத்த அன்றே தனக்குப் புற்றுநோய் வந்துவிட்டது என முடிவு செய்து உணவும் உறக்கமும் இழப்போர் உளர். சீட்டை மடித்துத் துணிப்பெட்டியின் அடியில் வைத்துவிட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் வேலைக்குச் செல்வோரும் உளர். முதல் வகையினரின் துயரம் கண்ணுக்குத் தெரிவதால் அவர்களுக்கு ஆறுதல் சொல்ல எவரேனும் முன்வருவர். இரண்டாம் வகையினரே ஊழியரின் கவனத்துக்கு முதலில் உரியவர். உயிருக்கு ஆபத்து அங்கேதான் மிகுதி.

கருப்பையின் கீழ்ப்பகுதி குறுகி யோனிக்குள் நீண்டிருக்கிறது. இதுவே கருப்பைக் கழுத்து. பேச்சு வழக்கில் கர்ப்பப்பை வாய் என்பர். இதன் மேற்பரப்பில் இருவகைச் செல்கள் சந்திக்கும் ஒரு வளையம் உண்டு. புற்றுநோய் பெரும்பாலும் இவ்வளையத்திலேயே தோன்றுகிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகத் தோன்றியது. சுமார் 80,000 பேர் இதனால் மாண்டனர். இத்தனைக்கும், வருமுன் கண்டு தடுக்க இயலும் புற்றுநோய்களுள் இது முதன்மையானது. காரணம், இந்நோய் திடீரெனத் தோன்றுவதில்லை. மனிதப் பாப்பிலோமா வைரஸ் என்னும் நச்சுயிரியின் சில இனங்கள் அவ்வளையத்துச் செல்களில் நிலைத்துத் தங்கும்போது, செல்கள் படிப்படியாக உருமாறுகின்றன. இதனை ஆராய்ந்து நிறுவிய ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது. வைரஸ் தொற்றியவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு, உடலின் எதிர்ப்பாற்றலே ஓரிரண்டு ஆண்டுகளில் அதனை அகற்றிவிடுகிறது. அகலாது தங்கிய சிலரிடத்தும் புற்றுநோய் உண்டாக 15 முதல் 20 ஆண்டுகள் வரை செல்லலாம். எச்.ஐ.வி. தொற்று முதலிய காரணங்களால் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு இக்காலம் 5 முதல் 10 ஆண்டுகளாகக் குறையக்கூடும்.

இந்த இடைக்காலத்தில் மாறுதலைக் கண்டுபிடிப்பதே பரிசோதனையின் நோக்கமாகும். செல்களைத் தேய்த்தெடுத்துக் கண்ணாடிச் சில்லில் பூசி நுண்பெருக்கியால் காண்பது ஒரு முறை. கிரேக்க நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய டாக்டர் பாப்பனிக்கொலாவின் பெயரால் இது பாப் பரிசோதனை எனப்படுகிறது. காடியின் சாரமாகிய அசெட்டிக் அமிலத்தை 3 முதல் 5 சதவீத அளவில் நீர்த்துக் கழுத்தில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெண்மையாக மாறும் இடம் உண்டா எனப் பார்ப்பது மற்றொரு முறை. வைரஸையே தேடும் சோதனை மூன்றாவது. இவை மூன்றும் முறத்தில் புடைப்பது போன்றவை. ஒதுங்கியது எல்லாம் பதராகாது. சாதாரண அழற்சியிலும் வெண்மை தோன்றலாம். மாதவிலக்கு நின்ற பெண்களின் செல்கள் ஹார்மோன் குறைவால் மாறுபட்டுக் காணப்படலாம். பூச்சு சரியாக அமையாவிட்டால் ‘போதுமானதன்று’ என்று அறிக்கை வரும். இக்கடைசிச் சொல்லுக்கு மீண்டும் ஒருமுறை எடுக்க வேண்டும் என்பது மட்டுமே பொருள்.

எல்லைப்புறத்தில் சுகாதாரச் சீட்டு மலையாளத்திலும், ஆய்வுக்கூட அறிக்கை ஆங்கில எழுத்துகளிலும் இருத்தல் இயல்பு. ஆகவே அவ்வெழுத்துகளின் பொருளை ஊழியர் அறிந்திருத்தல் வேண்டும். ஏ.எஸ்.சி.-யூ.எஸ். என்பது செல்களில் சிறு வேறுபாடு உண்டு, அதன் தன்மை உறுதியாகவில்லை என்பதாகும். மாறுபட்ட அறிக்கைகளுள் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. எல்.எஸ்.ஐ.எல். என்பது இலேசான மாற்றம். பெரும்பாலும் தானே மறைவது. எச்.எஸ்.ஐ.எல். என்பது கடுமையான மாற்றம். இதற்குத் தாமதமின்றி அடுத்த பரிசோதனை தேவை. ஆயினும் இதுவும் புற்றுநோய் என்பதன்று. சதைத்துணுக்கைச் சோதித்த பின் வரும் அறிக்கையில் சி.ஐ.என். 1, 2, 3 என்ற குறிப்பு இருக்கும். எண் ஏற ஏற மாற்றத்தின் ஆழமும் ஏறுகிறது. ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லைப் பெண்களிடம் விளக்கமின்றிச் சொல்லிவிடுதல் கூடாது. சிலர் அதனை நற்செய்தி எனவும், சிலர் எச்.ஐ.வி. எனவும் கொள்வர்.

கடுமையான மாற்றத்தைக் கவனியாது விட்டால் என்ன நேரும் என்பதற்கு, நேரக்கூடாத ஒரு நிகழ்ச்சியே சான்றாக அமைந்துவிட்டது. நியூசிலாந்து நாட்டின் ஆக்லாந்து நகரப் பெண்கள் மருத்துவமனையில், 1966 முதல், இம்மாற்றம் புற்றுநோயாக முற்றாது என நம்பிய ஒரு மருத்துவர், பல பெண்களுக்கு உரிய சிகிச்சை அளிக்காமல் பார்வையிட்டு மட்டும் வந்தார். அப்பெண்களுக்கு இவ்விவரம் கூறப்படவில்லை. 1987-88இல் நீதிபதி சில்வியா கார்ட்ரைட் தலைமையில் விசாரணை நடந்தது. 2008ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி, சதைத்துணுக்கு எடுத்ததோடு விடப்பட்ட பெண்களுள் 30 ஆண்டுக் காலத்தில் நூற்றுக்கு 31 பேருக்குப் புற்றுநோய் தோன்றியது. உரிய சிகிச்சை பெற்றவர்களுள் அந்த அளவு 0.7 சதவீதமே. அஞ்சி நடுங்கும் பெண்ணுக்கும் அலட்சியம் செய்யும் பெண்ணுக்கும் இவ்வெண்களே விடை கூறுகின்றன. மிகக் கடுமையான மாற்றமும் எல்லோரிடத்தும் புற்றுநோயாவதில்லை, ஆவதற்கும் ஆண்டுகள் பல செல்கின்றன. ஆயினும் யாருக்கு ஆகும் என முன்னரே அறிய வழியில்லை. மேற்பரிசோதனைக்குச் சில வாரங்கள் பொறுக்கலாம். சில ஆண்டுகள் பொறுத்தலாகாது.

தமிழ்நாட்டுக் கிராமங்களிலேயே இதற்கு ஆதாரம் உண்டு. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மையத்தைக் கொண்டு, 2000 முதல் 2003 வரை 31,343 பெண்களுக்குச் செவிலியர் அமிலப் பரிசோதனை செய்தனர். முன்னர்த் திருவனந்தபுரத்தில் பணிபுரிந்து, பின்னர் பிரான்சு நாட்டு லியோன் நகரிலுள்ள சர்வதேச முகமைக்குச் சென்ற டாக்டர் சங்கரநாராயணன் இவ்வாய்வின் தலைவர். மாறுபாடு காணப்பட்டவர்கள் 3,088 பேர். அதாவது பத்தில் ஒருவர். புற்றுநோய்க்கு முன்னிலையான மாற்றம் உறுதிப்பட்டவர்கள் 1,874 பேர். எனவே சீட்டுப் பெற்றவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் இருவருக்கு முன்னிலை மாற்றமும் இல்லை. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில் 2006ஆம் ஆண்டு வரையில், ஏனைய பகுதிகளைக் காட்டிலும், இப்புற்றுநோயால் நேர்ந்த மரணம் 35 சதவீதம் குறைந்தது.

இவ்வாய்வில் ஊழியர் குறித்துக்கொள்ள வேண்டிய வேறோர் எண்ணும் உண்டு. மாறுபாடு காணப்பட்ட 3,088 பேருள் 3,052 பேர் அடுத்த பரிசோதனையையும் செய்துகொண்டனர். அச்செவிலியரே அதே இடத்தில் அதே நாளில் அதனைச் செய்ததே இதற்குக் காரணம் எனலாம். இவ்வளவு வசதி இருந்தும், முன்னிலை மாற்றம் உறுதிப்பட்டவர்களுள் சிகிச்சை பெற்றவர்கள் 72 சதவீதத்தினரே. இரண்டாம் பரிசோதனைக்கு முப்பது கிலோமீட்டர் செல்ல வேண்டிய ஊர்களில் நிலைமை எவ்வாறிருக்கும் என்பதை ஊகித்தறியலாம். பாறசாலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயில் உண்டு. அங்கு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981இல் நிறுவப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையமும் உண்டு. ஆயினும் முந்திரித் தொழிற்சாலையிலோ வயலிலோ நாட்கூலி பெறும் பெண்ணுக்கு அப்பயணம் ஒரு நாள் கூலி இழப்பாகும். வீட்டில் காரணமும் சொல்லியாக வேண்டும்.

அந்த இரண்டாம் பரிசோதனை யாது என அறியாமையே அச்சத்தின் பெரும்பகுதி. கால்போஸ்கோப் என்பது ஒளியும் உருப்பெருக்கும் கண்ணாடிகளும் அமைந்த கருவி. அது உடலினுள் செலுத்தப்படுவதில்லை. வெளியே நின்று கழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. ஐயமுள்ள இடத்தில் அரிசிமணி அளவு சதை எடுக்கப்படும். அப்போது சுருக்கென்ற வலியும், பின்னர் இரண்டொரு நாள் சிறிது இரத்தக்கசிவும் இருக்கலாம். சுமார் கால் மணி நேரத்தில் பணி முடிந்து அன்றே வீடு திரும்பலாம். சிகிச்சை தேவைப்பட்டால், மாறிய பரப்பைக் குளிரூட்டியோ வெப்பமூட்டியோ அழிப்பர். மாற்றம் பெரிதாயின் மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் அப்பகுதியை மட்டும் நீக்குவர். கருப்பை அப்படியே இருக்கும். பின்னர்க் கருத்தரிக்கவும் இயலும். கம்பி வளையச் சிகிச்சைக்குப் பின் குறைப்பிரசவ வாய்ப்புச் சற்றே கூடுவதால், அதனைப் பேறுகால மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும். சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் நீர் கசியும். அந்நான்கு வாரமும் உடலுறவு தவிர்த்தல் அவசியம்.

‘கர்ப்பப்பையையே எடுத்துவிட்டால் கவலை ஒழிந்தது’ என்ற யோசனை கிராமங்களில் எளிதாக எழுகிறது. இது தவறு மட்டுமன்று, ஆபத்தும் ஆகும். முன்னிலை மாற்றத்துக்கு இப்பெரிய அறுவை பெரும்பாலும் தேவையில்லை. உள்ளே உண்மையாகவே புற்றுநோய் இருந்து, அதனை அறியாமல் சாதாரண முறையில் கருப்பையை எடுத்துவிட்டால், அச்சிகிச்சை போதாமற்போய் நோய் எஞ்சி நிற்கும். ஆகவே முதலில் கால்போஸ்கோப்பும் சதைச் சோதனையும், பின்னரே முடிவு.

இனி, பேசக் கூசும் விஷயம் ஒன்று. இவ்வைரஸ் உடலுறவால் பரவுவது. இதனைக் கேட்ட அளவில் கணவன் மனைவியையோ, மனைவி கணவனையோ ஐயுறுதல் நேர்கிறது. மாமியாரும் இதில் சேர்ந்துகொள்வதுண்டு. உண்மை யாதெனில், மணமான ஆண் பெண் அனைவருள்ளும் பெரும்பாலோர்க்கு இத்தொற்று வாழ்நாளில் ஒருமுறையேனும் வந்து போகிறது. பல ஆண்டுகள் மறைந்திருந்து பின்னர் வெளிப்படுதலும் உண்டு. எப்போது, எவரிடமிருந்து வந்தது என எந்தப் பரிசோதனையும் கூறாது. எனவே இவ்வறிக்கை எவருடைய ஒழுக்கத்துக்கும் சாட்சியாகாது. இதனை ஊழியர் தெளிவாகவும் தயக்கமின்றியும் சொல்லுதல் வேண்டும். ஊர்க்கூட்டத்தில் பொதுவாகச் சொல்லிவைத்தால், பின்னர்த் தனியே சொல்வது எளிதாகும். பெண் குழந்தைகளுக்கான தடுப்பூசியைப் பற்றிப் பெற்றோருக்கு விளக்கும் ஆசிரியைகளுக்கு இதற்கான வாய்ப்பு நன்கு அமைகிறது. அத்தடுப்பூசி வருமுன் காப்பதே. முன்னரே உள்ள மாற்றத்தை அகற்றாது என்பதையும் உடன் கூறவேண்டும்.

முடிவைத் தெரிவிக்கும் முறையும் முக்கியமானது. வாசலில் நின்று, அண்டை வீட்டார் கேட்க, பெயரைச் சொல்லி அழைத்துச் சீட்டை நீட்டுதல் பெருந்தவறு. தனியே அமர்ந்து, ‘அக்கா, இது நோய் இருக்கிறது என்று சொல்லும் சீட்டு இல்லை, இன்னொரு முறை நன்றாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் சீட்டு’ என்று தொடங்கலாம். எந்த நாள், எந்த மருத்துவமனை, எந்த அறை, என்ன செலவு, துணைக்கு யார் என்பவற்றை அப்போதே முடிவு செய்தல் நலம். ‘விரைவில் போங்கள்’ என்ற அறிவுரை எவரையும் ரயில் ஏற்றியதில்லை. மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்து நாள் குறிக்க வேண்டும். கர்ப்பமுற்றிருந்தால் அதனைத் தெரிவிக்க வேண்டும். கால்போஸ்கோப்பால் பார்ப்பதற்குத் தடையில்லை, சிகிச்சையைப் பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் வைத்துக்கொள்வர். உடலுறவுக்குப் பின் இரத்தம் கசிதல், மாதவிலக்கு நின்றபின் இரத்தம் காணுதல், துர்நாற்றமுள்ள வெள்ளை ஆகியவை இருந்தால், அறிக்கை எவ்வாறிருப்பினும் காத்திராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

எல்லைப்புறத்துக்கே உரிய இடர் ஒன்று எஞ்சியுள்ளது. பாறசாலையில் பரிசோதிக்கப்பட்ட பெண், அறிக்கை வருமுன் விளவங்கோட்டுத் தாய்வீட்டுக்குச் சென்றிருக்கலாம். அங்குள்ள சுகாதார நிலையத்தின் ஏட்டில் அவள் பெயர் இராது; இங்குள்ள ஏட்டில் ‘வரவில்லை’ என்றே எழுதப்படும். இரு மாநில ஏடுகளுக்கும் நடுவே அவள் விடுபட்டுப் போகிறாள். ஆதலால் பரிசோதனை நாளன்றே கணவன் வீட்டு முகவரியுடன் தாய்வீட்டு ஊரையும் தொலைபேசி எண்ணையும் அவளது சம்மதத்துடன் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். அறிக்கையின் நகல் ஒன்று அவள் கையில் இருத்தல் வேண்டும். நாகர்கோவிலுக்கு அருகே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குச் சென்றாலும் அதைக் காட்டலாம். சிகிச்சை முடிந்தவர்க்கு ஓராண்டு கழித்து மறுபரிசோதனை உண்டு. அத்தேதியைச் சிகிச்சை நாளன்றே ஏட்டில் எழுதி, அப்போது அவள் எல்லைக்கு எப்புறம் இருப்பாள் என்பதையும் கேட்டு அருகில் குறித்துவைக்க வேண்டும்.